மாதச் சந்தாவில் தொழில் நடத்துவது எப்படி: வடசென்னைச் சிறு வணிகர்களுக்கான வழிகாட்டி

தண்டையார்பேட்டை, ராயபுரம், வியாசர்பாடி, பெரம்பூர் என்று வடசென்னையின் எந்தத் தெருவை எடுத்துக்கொண்டாலும், ஒரு குடும்பம் மாதாமாதம் கட்டும் சந்தாக்கள் ஏழெட்டாவது தேறும். ஆவின் பால் அட்டை, நாளிதழ், தண்ணீர் கேன், கேபிள், இணைய இணைப்பு, மொபைல் ரீசார்ஜ், பஸ் பாஸ் அல்லது ரயில் சீசன் டிக்கெட், பிள்ளைகளின் டியூஷன், விடியற்காலையில் வாசல் கிரில்லில் மாட்டிவிட்டுப் போகும் பூ ஆகிய எல்லாமே சந்தாதான். இவற்றில் சில, சந்தா என்ற பெயரே இல்லாமல் தாத்தா காலத்திலிருந்து நடந்துவருபவை. ஆகவே இட்லி மாவு அரைத்து விற்பவரோ, ஜிம் நடத்துபவரோ, ஏசி பழுது பார்ப்பவரோ இதை ஏதோ செல்போன் செயலிகள் கொண்டுவந்த புதுமை என்று எண்ணித் தயங்க வேண்டியதில்லை.

ஆனால் மாதாமாதம் பணம் வருகிறது என்ற ஒரே ஒற்றுமையை வைத்துக்கொண்டு இவை எல்லாவற்றையும் ஒரே கணக்கில் அடக்கிவிட முடியாது. பால் அட்டையின் கணக்கு வேறு, ஜிம்மின் கணக்கு வேறு, லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தத்தின் கணக்கு வேறு. தமது தொழில் இவற்றில் எந்த வகையைச் சேர்ந்தது என்று தீர்மானிக்காமலேயே விலைப் பட்டியலை அச்சடித்துவிடுவதுதான் இந்த முறையில் கைசுட்டுக்கொள்பவர்கள் பலரும் செய்யும் தவறு. எனவே விலைக்குப் போவதற்கு முன் வகையைப் பார்ப்போம்.

வாடிக்கையாளர் எதற்காகப் பணம் தருகிறார்?

முதல் வகை, தீர்ந்துபோகும் பொருளைத் தவறாமல் கொண்டுவந்து தருவது. பால், தண்ணீர், மாவு, பூ, நாளிதழ், மெஸ் சாப்பாடு ஆகியவை இதில் அடங்கும். இங்கே ஒவ்வொரு முறை கொடுக்கும்போதும் விற்பவருக்குச் செலவு உண்டு; சந்தாதாரர் எவ்வளவு அதிகமாகப் பயன்படுத்துகிறாரோ அவ்வளவு செலவும் கூடும். அப்படியானால் சந்தாவால் விற்பவருக்கு என்ன ஆதாயம் என்றால், நாளைக்கு எத்தனை வேண்டும் என்பது இன்றைக்கே தெரிந்துவிடுகிறது. ஆவின், மாத அட்டை வைத்திருப்பவர்களுக்குச் சில்லறை விலையைவிடக் குறைத்துப் பால் தருகிறது. பணம் முன்கூட்டியே வருவது மட்டுமே அதனால் கிடைக்கும் பயன் என்று கொள்ளக் கூடாது. எந்த பூத்துக்கு எத்தனை பாக்கெட் என்பது மாதத் தொடக்கத்திலேயே தெரிந்திருந்தால், மாதவரம் பால்பண்ணையிலிருந்து இரவில் புறப்படும் வண்டியில் எவ்வளவு ஏற்றுவது என்பதில் ஊகத்துக்கு இடம் குறைகிறது. விற்காமல் தங்கும் பாலும் குறைகிறது. கெட்டுப்போகும் பொருளை விற்பவருக்கு அந்த உறுதியே ஒரு வருமானம். மாதச் சாப்பாட்டுக்கு டோக்கன் கொடுக்கும் மெஸ்காரர், உலையில் எத்தனை படி அரிசி போடுவது என்று காலையில் யோசித்து நிற்பதில்லை. அவர் டோக்கனுக்குத் தரும் தள்ளுபடி, வீணாகாமல் தப்பிய சோற்றின் விலைக்குள் அடங்கிவிட வேண்டும். அதற்கு மேல் போனால் கைக்காசு கரைகிறது என்று பொருள்.

இரண்டாவது வகை, பயன்படுத்தும் உரிமையை விற்பது. ஜிம், பாக்சிங் பயிற்சிக்கூடம், வாடகை நூலகம், மாநகரப் பேருந்தின் 1,000 ரூபாய் மாத பாஸ், ஓடிடி, மென்பொருள் ஆகியவை இதில் சேரும். பாஸ் வைத்திருப்பவர் ஏறினாலும் ஏறாவிட்டாலும் திருவொற்றியூரிலிருந்து பேருந்து புறப்பட்டே தீரும். செலவு ஏற்கெனவே ஆகிவிட்டது. கூடுதலாக ஒருவர் சேர்வதால் ஆகும் செலவு மிகச் சிறிது. 2016 ஜனவரியில் இந்தியாவுக்கு வந்த நெட்ஃப்ளிக்ஸ், 2021 டிசம்பரில் தன் மொபைல் திட்டத்தை 199 ரூபாயிலிருந்து 149 ரூபாயாகவும், அடிப்படைத் திட்டத்தை 499 ரூபாயிலிருந்து 199 ரூபாயாகவும் குறைத்தது. பால் விற்பவரால் ஒரே நாளில் விலையை இப்படிப் பாதிக்கும் கீழே இறக்க முடியாது. படம் ஏற்கெனவே எடுத்தாகிவிட்டது, அதை இன்னும் பத்து லட்சம் பேர் பார்ப்பதால் படத்தின் செலவு கூடாது என்ற நிலையில் இருப்பவரால்தான் அது முடியும்.

மென்பொருளும் இதே வழியில்தான் வந்தது. பெட்டியில் வைத்து ஒரே விலைக்கு விற்றுவந்த அடோபி நிறுவனம், தன் வடிவமைப்பு மென்பொருள்களின் புதிய பதிப்புகள் இனிச் சந்தாவில் மட்டுமே கிடைக்கும் என்று 2013-இல் அறிவித்தது. நம் ஊரில் முளைத்த ஸோஹோ, ஃப்ரெஷ்வொர்க்ஸ் ஆகிய நிறுவனங்களும் சந்தா வருமானத்தில் வளர்ந்தவையே. பிற நிறுவனங்களின் சந்தாக் கணக்கைப் பராமரிப்பதையே தொழிலாகக்கொண்ட சார்ஜ்பீ, 2011-இல் சென்னையில்தான் தொடங்கப்பட்டது.

இந்த இரண்டு வகைகளையும் குழப்பிக்கொண்டால் என்ன நேரும் என்பதற்கு அமெரிக்காவின் மூவிபாஸ் போதுமான சான்று. அந்நிறுவனம் 2017 ஆகஸ்டில், மாதம் 9.95 டாலர் கட்டினால் நாளுக்கு ஒரு படம் திரையரங்கில் பார்க்கலாம் என்று அறிவித்தது. பார்க்கும் ஆளுக்கு அது உரிமையை வாங்குவது போல இருந்தது. ஆனால் நிறுவனமோ அநேகமாக ஒவ்வொரு டிக்கெட்டுக்கும் திரையரங்குக்கு முழு விலையையும் கட்டிக்கொண்டிருந்தது. அதாவது, முதல் வகைச் செலவை வைத்துக்கொண்டு இரண்டாம் வகை விலையைச் சொல்லிவிட்டார்கள். அதிகம் பார்ப்பவர்களே முந்திக்கொண்டு சேர்ந்தார்கள். 2019 செப்டம்பரில் சேவை நின்றது, 2020 ஜனவரியில் தாய் நிறுவனம் திவால் மனு கொடுத்தது. ‘அளவில்லாச் சாப்பாடு, மாதம் இவ்வளவு’ என்று பலகை எழுத நினைக்கும் மெஸ்காரர் இதை ஒரு முறை நிதானமாகப் படிக்க வேண்டும்.

மூன்றாவது, பொறுப்பை ஏற்றுக்கொள்வது. ஆர்ஓ இயந்திரம், ஏசி, லிஃப்ட், இன்வெர்ட்டர் ஆகியவற்றின் ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தங்கள் இந்த வகை. இங்கே வாடிக்கையாளர் வாங்குவது, பழுதானால் கவலைப்படத் தேவையில்லை என்ற நிம்மதியை. 1959-இல் வந்த ஜெராக்ஸ் 914 இயந்திரத்தை அலுவலகங்கள் விலைக்கு வாங்கத் தயங்கும் என்பதால், மாதம் 95 டாலர் வாடகைக்குக் கொடுத்தார்கள். 2,000 நகல்கள் வரை தனிக் கட்டணம் இல்லை, அதற்கு மேல் போனால் நகலுக்கு இவ்வளவு என்று வசூலித்தார்கள். பிரிட்டனின் பிரிஸ்டல் சிட்லி நிறுவனம் 1962-இல் தன் வைப்பர் விமான எஞ்சினுக்கு, பறந்த மணிக்கு இத்தனை என்று பராமரிப்புக் கட்டணம் வாங்கத் தொடங்கியது; பின்னர் அந்நிறுவனத்தை வாங்கிய ரோல்ஸ்ராய்ஸ் அதைப் பெரிதாக வளர்த்தது. இந்த முறையின் சிறப்பு என்னவென்றால், பழுது பார்ப்பவருக்குப் பழுது குறைந்தால்தான் லாபம். தனித்தனி வேலைக்குக் கூலி வாங்கும் மெக்கானிக்கின் வருமானம் பழுதில் இருக்கிறது. ஒப்பந்தத்தில் இருப்பவரின் வருமானம் பழுதில்லாத மாதத்தில் இருக்கிறது. எனவே இந்த வகைக்கு வருபவர்கள், ஒப்பந்தம் எழுதும் நாளிலேயே இயந்திரத்தைத் திறந்து பார்த்து, தேய்ந்த பாகங்களைத் தனிக் கட்டணத்தில் மாற்றிவிட்டு, அதன் பிறகே பொறுப்பை ஏற்க வேண்டும். பத்து வருடம் ஓடிய ஏசிக்கும் போன வருடம் வாங்கிய ஏசிக்கும் ஒரே கட்டணம் சொன்னால், வந்து சேருபவை எல்லாம் பத்து வருடம் ஓடியவையாகவே இருக்கும்.

நான்காவது வகை உறுப்பினர் கட்டணம். பொருளைத் தனியாக விலை கொடுத்துத்தான் வாங்க வேண்டும், ஆனால் குறைந்த விலைக்கோ இலவச டெலிவரிக்கோ வாங்கும் தகுதிக்குக் கட்டணம். அமெரிக்காவின் காஸ்ட்கோ கடைகள் பொருள்களின் மேல் 14, 15 சதவீதத்துக்கு மேல் லாபம் வைப்பதில்லை. அவர்களின் செயல்பாட்டு லாபத்தில் ஏறத்தாழப் பாதி அளவுக்கு ஈடான தொகை உறுப்பினர் கட்டணமாகவே வருகிறது. 2005-இல் ஆண்டுக்கு 79 டாலரில் தொடங்கிய அமேசான் பிரைமும் இந்த வழிதான். தெருக்கடை அளவில் இந்த வகை எடுபடுவது அரிது. விலையைக் குறைத்துக் காட்டும் அளவுக்கு மொத்தக் கொள்முதல் பலம் இருந்தால் மட்டும் யோசிக்கலாம்.

ஒரு தண்ணீர் கேன் லைனின் கணக்கு

வகையைத் தீர்மானித்த பிறகு கணக்கைப் போட வேண்டும். கொருக்குப்பேட்டையில் ஒருவர் தண்ணீர் கேன் லைன், அதாவது வீடு வீடாகக் கேன் போடும் சுற்று, நடத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். இங்கே சொல்லும் விலைகள் கணக்கு விளங்குவதற்காகவே. உங்கள் பகுதியின் விலையை இட்டு நீங்களே மாற்றிப் போட்டுக்கொள்ளுங்கள்.

லைனில் 200 வீடுகள், வீட்டுக்கு மாதம் 8 கேன், ஒரு கேன் 40 ரூபாய். தண்ணீர் நிரப்பித் தரும் ஆலைக்கு 18 ரூபாய், வண்டிச் செலவும் மாடி ஏற்றும் கூலியும் 8 ரூபாய் என்றால் கேனுக்கு 14 ரூபாய் மிஞ்சும். ஒரு வீட்டிலிருந்து மாதம் 112 ரூபாய், 200 வீடுகளிலிருந்து 22,400 ரூபாய். குடோன் வாடகை, வண்டித் தவணை, ஃபோன் என்று 12,000 ரூபாய் போனால் கையில் நிற்பது 10,400 ரூபாய். பலரும் இந்தக் கணக்கோடு நிறுத்திக்கொள்கிறார்கள். ஆனால் இது ஒரு மாதத்தின் படம் மட்டுமே. சந்தாத் தொழிலின் உண்மையான நிலை, போனவர்களையும் வந்தவர்களையும் எண்ணினால்தான் தெரியும்.

மாதம் 10 வீடுகள் நின்றுபோகின்றன என்று கொள்வோம். வீடு மாற்றிப் போனவர்கள், ஆர்ஓ இயந்திரம் மாட்டிக்கொண்டவர்கள், சொன்ன நாளில் கேன் வரவில்லை என்று கோபித்துக்கொண்டவர்கள் எல்லாம் சேர்ந்து அந்த எண்ணிக்கை. 200-இல் 10 என்பது 5 சதவீதம். நூறை ஐந்தால் வகுத்தால் 20 வருகிறது. அதாவது சராசரியாக ஒரு வீடு 20 மாதம் உங்களிடம் இருக்கும், அந்தக் காலத்தில் 2,240 ரூபாய் தரும். நிற்பவர்கள் 10 சதவீதமானால், அந்த வீடு தரப்போவது 1,120 ரூபாய்தான். புது வீடு ஒன்றைச் சேர்ப்பதற்கு இலவச முதல் கேன், நோட்டீஸ், சொல்லிவிட்டவருக்குத் தரும் தொகை எல்லாமாக 200 ரூபாய் ஆகிறதென்றால், அந்தச் செலவு இரண்டாம் மாதக் கடைசியில்தான் திரும்புகிறது. இரண்டு மாதம் முடிவதற்குள் நின்றுபோகும் வீடு நஷ்டக் கணக்கில்தான் வரும்.

இதைவிட முக்கியமான ஒன்றை இதே எண்கள் காட்டுகின்றன. மாதம் 12 புது வீடுகள் சேர்கின்றன, இருப்பவற்றில் 5 சதவீதம் நிற்கின்றன என்று கொள்ளுங்கள். 200 வீடு இருக்கும்போது 10 போய் 12 வருகிறது, தொழில் வளர்கிறது. 240 வீடு ஆனதும் போவதும் 12, வருவதும் 12. அதன் பிறகு எத்தனை வருடம் உழைத்தாலும், மாதாமாதம் அதே அளவு நோட்டீஸ் கொடுத்தாலும், லைன் 240 வீட்டைத் தாண்டாது. நிற்பவர்களை 3 சதவீதமாகக் குறைத்தாலோ அதே 12 புது வீடுகளை வைத்துக்கொண்டே 400 வரை போகலாம். ‘நல்லாத்தான் போய்க்கிட்டிருந்துச்சு, அப்படியே நின்னுபோச்சு’ என்று சொல்பவர்களின் தொழில், பெரும்பாலும் இந்த உச்சியில்தான் மோதி நிற்கிறது. அப்போது அவர்கள் செய்ய வேண்டியது இன்னும் அதிக நோட்டீஸ் அடிப்பதை அல்ல. நின்றுபோன வீடுகளின் வாசலுக்குப் போய்க் காரணம் கேட்பதை.

அந்தக் காரணத்தை அறிய ஒரு நோட்டுப் புத்தகம் போதும். வீடு வாரியாக எழுதும் பழக்கத்தோடு, சேர்ந்த மாதத்தின்படியும் ஒரு பக்கம் ஒதுக்குங்கள். தை மாதம் சேர்ந்த 12 வீடுகளில் சித்திரையில் எத்தனை இருக்கின்றன, ஆடியில் எத்தனை இருக்கின்றன என்று எழுதிவந்தால், எந்த மாதத்தில் ஆட்கள் கழல்கிறார்கள் என்பது கண்ணுக்குத் தெரியும். இரண்டாம் மாதத்திலேயே கழன்றால் சேர்க்கும்போது சொன்ன வாக்கில் கோளாறு; பத்தாம் மாதத்தில் கழன்றால் சேவை தளர்ந்திருக்கிறது.

வீட்டு வாரிப் பக்கத்தில் நான்கு பத்திகள் போதும்: தேதி, கொடுத்த கேன், வாங்கிய காலி, பாக்கி. இவற்றில் பெரும்பாலானோர் அலட்சியமாக விடுவது ‘காலி’ என்ற பத்தியைத்தான். லாரித் தண்ணீர் வரும் தெருக்களில் காலிக் கேன் என்பது வீட்டுக்குப் பயனுள்ள பாத்திரம். மெட்ரோ வாட்டர் பிடித்து வைக்க ஒன்று தங்கிவிடும். மாடிப்படிக்குக் கீழே, குடத்துக்குப் பக்கத்தில், வேறொரு கம்பெனியின் மூடியோடு உங்கள் கேன் நிற்பதைப் பார்க்கலாம். வீட்டில் ஒரு கேன் இருந்தால் வண்டியிலும் ஆலையிலுமாகச் சேர்த்து இன்னொன்று சுழன்றுகொண்டிருக்க வேண்டும். வீட்டில் இருப்பதற்கு டெபாசிட் வாங்கியிருப்பீர்கள், சுழல்வதற்கு யாரும் டெபாசிட் தரமாட்டார்கள். புதுக் கேன் 180 ரூபாய் என்றால், 200 வீட்டுக்கு 36,000 ரூபாய் முதலீடு இப்படியே முடங்குகிறது. தங்கிவிட்ட காலிகள் அதற்கு மேல். மாதம் ஒரு முறை ‘கொடுத்தது’ பத்தியையும் ‘காலி’ பத்தியையும் கூட்டிப் பார்த்து, வித்தியாசம் டெபாசிட் வாங்கிய கேன்களின் எண்ணிக்கையைத் தாண்டும் வீடுகளில் மட்டும் மரியாதையாகக் கேட்டு வாங்கிவிடுவது நல்லது. ஆறு மாதம் கழித்துக் கேட்டால் அது சண்டையில்தான் முடியும்.

விலை ஏறி இறங்கும் பொருளைச் சந்தாவில் கொடுப்பது

பால் விலை திடீர் திடீரென்று மாறுவதில்லை. மாவும் அப்படியே, அரிசியும் உளுந்தும் ஒரு மாதத்துக்குள் தலைகீழாகப் போய்விடாது. மீனும் பூவும் அப்படி அல்ல. இவற்றைச் சந்தாவில் கொடுக்க விரும்புபவர், தொகை, அளவு ஆகிய இரண்டில் ஒன்றை மட்டும் நிலையாக வைத்து மற்றதை இளக விட வேண்டும். இரண்டையும் கட்டிப்போட்டால், விலை ஏறும் மாதத்தில் முழுச் சுமையும் விற்பவர் தலையில் விழும்.

காசிமேட்டு மீனை எடுத்துக்கொள்ளுங்கள். கிழக்குக் கடற்கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் துறைமுகத்திலேயே நிற்கும், ஃபைபர் படகுகள் கொண்டுவரும் மீன் மட்டுமே கரை சேரும். வாரம் ஒரு கிலோ வஞ்சிரம் என்று ஆண்டுச் சந்தா எழுதியவர் அந்த இரண்டு மாதங்களில் என்ன செய்வார்? ‘வாரம் 500 ரூபாய்க்கு, அன்றைக்கு ஏலத்தில் நல்லதாக வந்த மீன், சுத்தம் செய்து வீட்டுக்கு’ என்று எழுதியவருக்கு அந்தச் சங்கடம் இல்லை. வஞ்சிரம் இல்லாத வாரத்தில் சங்கரா வரும், நெத்திலி மலிந்த வாரத்தில் கூடுதலாக வரும். வீட்டுக்காரருக்கு என்னென்ன ஆகாது என்று முன்பே கேட்டு எழுதிக்கொள்வது மட்டும் கட்டாயம். தடைக்காலத்தில் சந்தாவை நிறுத்திவைப்பதா, ஆந்திரத்திலிருந்து வரும் ஏரி மீனும் கருவாடும் கொடுப்பதா என்பதையும் சேரும் நாளிலேயே சொல்லிவிட வேண்டும்.

வீட்டுக்கு வீடு பூ போடும் பெண்கள் இந்தச் சூத்திரத்தை எந்தப் புத்தகமும் படிக்காமல் கையாள்கிறார்கள். மாதத் தொகை மாறாது. மார்கழிப் பனியில் மல்லி விலை கிடுகிடுவென ஏறும்போது, முழத்தின் நீளம் அதே நீளமாக இருக்கும், ஆனால் கட்டு கொஞ்சம் இளகியிருக்கும், நடுவில் கனகாம்பரமோ மருவோ சேர்ந்திருக்கும். ஆயுத பூஜை நாளுக்கு மாலை வேண்டுமென்றால் அது தனிக் கணக்கு. வாங்குபவருக்கும் இது தெரியும், அவரும் ஏற்றுக்கொள்கிறார். சந்தாவுக்குள் எது அடக்கம், எது தனி என்ற எல்லையை இவ்வளவு தெளிவாக வைத்திருக்கும் தொழில்களைப் பெரிய நிறுவனங்களிடையேகூட அதிகம் பார்க்க முடியாது. எனக்கு இந்தப் பெண்களின் கணக்கின் மீது மிகுந்த மதிப்பு உண்டு.

வசூலும் முன்பணமும்

எப்போது வசூலிப்பது என்பது வாடிக்கையாளருக்குப் பணம் வரும் நாளைப் பொறுத்தது. ஐசிஎஃப் ரயில்பெட்டித் தொழிற்சாலையிலோ துறைமுகத்திலோ சம்பளத்துக்கு இருப்பவர்கள் குடியிருக்கும் தெருக்களில், மாதத்தின் முதல் வாரம் சரியாக வரும். கடலுக்குப் போகிறவர்களும் தினக்கூலிகளும் அதிகமுள்ள பகுதியில் மாதச் சந்தாவைக் காட்டிலும் வாரச் சந்தாவே நிற்கும். 400 ரூபாயை ஒரே நாளில் கேட்டால் தட்டிக்கழிக்கும் வீடு, வாரம் 100 ரூபாயை முகம் கோணாமல் தரும். மாதம் என்று சொன்னால் மாதமாகவே இருக்கட்டும். மொபைல் நிறுவனங்கள் 28 நாள் திட்டங்களை விற்றதால் மக்கள் ஆண்டுக்கு 13 முறை ரீசார்ஜ் செய்ய நேர்ந்தது. அந்தக் குறைகளுக்குப் பிறகுதான், 30 நாள் செல்லுபடியாகும் திட்டம் ஒன்றையாவது வைத்திருக்க வேண்டும் என்று 2022 ஜனவரியில் தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் உத்தரவிட்டது. பெரிய நிறுவனத்தை மக்கள் திட்டிக்கொண்டே சகித்துக்கொள்வார்கள். பக்கத்துத் தெருக்காரரை அப்படிச் சகித்துக்கொள்ளமாட்டார்கள்.

வசூலுக்கு ஆள் அனுப்ப முடியாதவர்களுக்கு யுபிஐ ஆட்டோபே உதவும். 2020 ஜூலையில் வந்த இந்த வசதியில், வாடிக்கையாளர் ஒரு முறை ஒப்புதல் தந்துவிட்டால் ஒவ்வொரு தவணையும் தானாகக் கழியும். தானாகக் கழியும் தவணைகளுக்கு ரிசர்வ் வங்கியின் விதிகள் 2021 அக்டோபர் 1 முதல் முழுமையாக நடைமுறையில் உள்ளன: பணம் எடுப்பதற்குக் குறைந்தது 24 மணி நேரம் முன்பு அறிவிப்புப் போக வேண்டும், பொதுவாக 15,000 ரூபாய்க்கு மேற்பட்ட தவணைக்கு ஒவ்வொரு முறையும் தனி ஒப்புதல் வேண்டும். நம் அளவுத் தொழில்களுக்கு அந்த வரம்பு தாராளம்.

முன்பணத்தைப் பற்றி அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. மூன்று மாதச் சந்தாவை முன்னதாக வாங்கினீர்களானால், அன்று கல்லாவில் விழுந்த பணம் எதுவும் இன்னும் உங்களுடையது ஆகவில்லை. அது நீங்கள் வாடிக்கையாளருக்குக் கொடுக்க வேண்டிய கடன். கணக்குப் புத்தகத்திலும் அதைக் கடன் பக்கத்தில்தான் எழுத வேண்டும், ஒவ்வொரு மாதமும் சேவை கொடுத்து முடிந்த பங்கை மட்டும் வருமானத்துக்கு மாற்ற வேண்டும். கேன் டெபாசிட் வருமானமே ஆகாது. ஜனவரியில் வந்த ஆண்டுச் சந்தாவை வைத்து வண்டி வாங்கிவிட்டு, ஜூலையில் டிரெயினருக்குச் சம்பளம் கொடுக்கத் தடுமாறும் ஜிம்கள் இந்த இடத்தில்தான் விழுகின்றன. முன்பணத்தை வேறொரு வங்கிக் கணக்கில் போட்டுவைத்து, மாதாமாதம் ஒரு பங்கை எடுத்துக்கொள்வது எளிய தற்காப்பு.

ஆண்டுச் சந்தாவைவிட மூன்று மாதச் சந்தாவையே சிறு தொழிலுக்கு நான் பரிந்துரைப்பேன். நீண்ட காலத்துக்கு முன்பணம் வாங்கி, முடிவில் போனஸும் தருவதாகச் சொன்னால் அது சந்தாவின் எல்லையைத் தாண்டி, பொதுமக்களிடம் பணம் திரட்டும் டெபாசிட்டின் பக்கம் போய்விடும். நிறுவனங்கள் பொருளுக்காக வாங்கும் முன்பணத்தை 365 நாட்களுக்குள் பொருளாகக் கொடுத்துத் தீர்க்காவிட்டால் அது டெபாசிட்டாகக் கருதப்படும் என்று நிறுவனங்கள் டெபாசிட் வாங்குவது பற்றிய 2014-ஆம் ஆண்டின் விதிகள் சொல்கின்றன. நகைக்கடைகளின் சேமிப்புத் திட்டங்கள் 11 மாதத்தில் முடிவதற்குக் காரணம் அதுவே. தீபாவளிப் பலகாரச் சீட்டு, பட்டாசுச் சீட்டு ஆகியவற்றை உங்கள் சந்தாவோடு கலக்காதீர்கள். அங்கே ஆண்டு முழுதும் பணம் மட்டும் போய், பொருள் ஒரே நாளில் வருகிறது. சந்தாவிலோ பணமும் பொருளும் சேர்ந்தே நடக்க வேண்டும்.

வரியைப் பொறுத்தவரை, பொருள் மட்டும் விற்பவர்களுக்கு ஆண்டு விற்றுமுதல் 40 லட்சம் ரூபாயையும், சேவை தருபவர்களுக்கு 20 லட்சம் ரூபாயையும் தாண்டினால் தமிழ்நாட்டில் ஜிஎஸ்டி பதிவு தேவை. பதிவு பெற்றவர்கள் சேவைக்கு முன்பணம் வாங்கினால், வாங்கிய மாதத்திலேயே வரி கட்ட வேண்டும் என்பதை நினைவில் வையுங்கள். உணவுப் பொருளானால் உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐயின் பதிவு அவசியம்.

நிறுத்திவைக்கவும் விலகவும் வழி

சந்தாவை நிறுத்துவதற்கு வாடிக்கையாளரை அலையவிடுவது நிறுவனங்கள் பலவற்றின் வழக்கமாகிவிட்டது. சேர ஒரு பொத்தான், விலகப் பத்துப் பக்கம். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிமுறைகள், இணையவழி விற்பனையில் தடை செய்யப்பட்ட 13 ஏமாற்று உத்திகளில் ஒன்றாக இந்தச் சந்தாப் பொறியையும் சேர்த்துள்ளன. 1915 என்ற எண்ணில் தேசிய நுகர்வோர் உதவி மையத்திடம் புகார் செய்யலாம். சட்டம் ஒருபுறம் இருக்கட்டும். விலகுவது எளிது என்று தெரிந்தால்தான் தயங்குபவர் சேருவார். விலகியவர் மனக்கசப்பு இல்லாமல் போனால்தான் திரும்பி வருவார்.

எல்லாவற்றுக்கும் முன், நிறுத்திவைக்கும் வசதியைக் கொடுங்கள். மே மாதம் பிள்ளைகளோடு ஊருக்குப் போகிற குடும்பம், இருபது நாளுக்கு மாவு வேண்டாம் என்று சொன்னால் அந்த நாட்களின் தொகை அடுத்த மாதத்துக்குப் போக வேண்டும். இந்த வசதி இல்லாவிட்டால் அந்தக் குடும்பம் சந்தாவையே நிறுத்திவிட்டுத்தான் போகும், ஜூனில் மறுபடி சேர்வார்கள் என்பதற்கு எந்த உறுதியும் இல்லை. மழைக்கும் இதுவே விதி. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது சென்னையின் பல பகுதிகளில் பால்கூடக் கிடைக்கவில்லை. வியாசர்பாடியிலும் புளியந்தோப்பிலும் வீட்டுக்குள் தண்ணீர் நிற்கும் நாட்களில் உங்கள் வண்டி போகாது; போகாத நாளுக்குப் பணம் பிடிக்கப்பட மாட்டாது என்று அட்டையின் பின்புறமே அச்சடித்துவிடுங்கள். கேட்ட பிறகு கழிப்பதைக் காட்டிலும், கேட்பதற்கு முன்பே கழித்து எழுதிக் காட்டுவது பல மடங்கு மதிப்புத் தரும்.

தொடங்குவதும் முடிப்பதும்

முதலில் ஒரே தெருவில், ஏற்கெனவே உங்களிடம் வாடிக்கையாக வாங்கும் இருபது முப்பது வீடுகளை மட்டும் வைத்து மூன்று மாதம் நடத்துங்கள். பத்துத் தெருவில் இரண்டிரண்டு வீடு என்று சிதறினால் பெட்ரோல் செலவு லாபத்தைத் தின்றுவிடும். ஒரே விலை, ஒரே அளவு, ஒரே நேரம் போதும். மூன்று வகைத் திட்டங்களை முதல் நாளே போடாதீர்கள். உரிமையை விற்கும் தொழிலானால் கூட்டம் சேரும் நேரத்தை எண்ணுங்கள். மாலை ஆறு மணியிலிருந்து எட்டு மணிவரை ஜிம்மில் எத்தனை பேர் நெருக்கடியின்றிப் பயிற்சி செய்ய முடியுமோ அதுவே உங்கள் உண்மையான கொள்ளளவு. பகல் பதினொரு மணிக்குக் காலியாகக் கிடக்கும் கருவிகளைக் கணக்கில் சேர்த்து ஆள் சேர்த்தால், மாலையில் வருபவர்கள்தான் விலகுவார்கள். பகல் நேரத்துக்கு மட்டும் குறைந்த கட்டணத்தில் தனிச் சந்தா போடலாம். இரவு ஷிஃப்ட் முடித்து வருபவர்கள் நம் பகுதியில் நிறைய உண்டு.

மூன்று மாதம் முடிந்ததும், சேர்ந்த முப்பது வீடுகளில் எத்தனை நிற்கின்றன, ஒரு வீட்டுக்குச் செலவு போக எவ்வளவு மிஞ்சியது என்ற இரண்டு எண்களை மட்டும் பாருங்கள். இருபத்தைந்துக்கு மேல் நின்று, வீட்டுக்கு மிஞ்சும் தொகை சேர்த்த செலவை ஏற்கெனவே ஈடுகட்டியிருந்தால் அடுத்த தெருவுக்குப் போகலாம். இல்லையென்றால் அதே தெருவில் இன்னும் ஒரு காலாண்டு நடத்திப் பார்க்க வேண்டும்.

கணக்கு கடைசிவரை ஒத்துவராவிட்டால், நிறுத்தும் முறையும் உண்டு. புதிதாகச் சந்தா சேர்ப்பதையும் முன்பணம் வாங்குவதையும் முதலில் நிறுத்துங்கள். ஒரு மாதம் முன்னதாக ஒவ்வொரு வீட்டுக்கும் நேரில் சொல்லி, கையில் இருக்கும் முன்பணத்துக்கான பொருளைக் கொடுத்துத் தீருங்கள், அல்லது மீதியைத் திருப்பிக் கொடுங்கள். டெபாசிட்டைக் காலிக் கேன் வாங்கும்போதே கையோடு எண்ணிக் கொடுத்து, நோட்டில் அந்த வீட்டுப் பக்கத்தில் கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். ஆட்டோபே ஒப்புதல்கள் அனைத்தையும் உங்கள் பக்கத்திலிருந்து ரத்து செய்துவிட்டு, வாடிக்கையாளரின் செயலியிலும் அவை நீங்கியிருக்கின்றனவா என்று அவரையே பார்க்கச் சொல்லுங்கள்.